மஞ்சள் பெட்டியைத் தேடிய மிஸ்

அவர் யாரிடமும் ‘பயப்படாதீங்க’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பயப்பட ஒன்றுமில்லாத இடத்திலும் சொல்ல மாட்டார். என்ன நடந்தது, என்ன நடக்கலாம், தனக்கு எது தெரியாது என்பதைச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதன் பிறகு பயப்படுவதும் படாததும் நம் பாடு.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடை ஒன்று இருந்தது. ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கல்லாவுக்குப் போய், முதலாளி காதருகே குனிந்து, மீன் கெட்டுவிட்டது, நான் சாப்பிட்டாகிவிட்டது, இனிமேல் வருகிறவர்களுக்கு வைக்காதீர்கள் என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. முழுச் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, மருந்துக்கடைக்குப் போய் வயிற்றுப் பொடி வாங்கிக்கொண்டு வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளிக்கு முகம் தொங்கிப்போனது. கொஞ்ச நாள் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். அப்புறம் அவரே மாறிவிட்டார். மிஸ் வந்து உட்கார்ந்தால், பொரிப்பதற்கு முன் மீனைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார். மிஸ் செவுளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். பக்கத்து மேசைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அதே மீனைக் கேட்பார்கள்.

எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க குமாஸ்தா. இவர் பௌதிகம் படித்துவிட்டு, கதிர் வீசும் பொருள்களைக் கம்பெனிகள் ஒழுங்காக வைத்திருக்கின்றனவா என்று சோதிக்கும் அரசாங்க வேலையில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆண்கள் போடுவது போன்ற கட்டையான சப்பாத்து, கைவைத்த பருத்திச் சட்டை, நீளக் கால்சட்டை. கோயிலுக்கு மட்டும் சேலை. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, அரசாங்க அறிவிப்புகளைத் தமிழில் எழுதி ஒலிபெருக்கி வண்டியில் வாசிக்கும் வேலைக்கு வந்தவன். அவர் என்னை ‘நீர்’ என்பார். எங்கள் தோட்டத்தில் கூத்தில் வரும் ராஜாக்கள்தான் அப்படிப் பேசுவார்கள். முதல் தடவை கேட்டபோது சிரிப்பு வந்தது. பழகப் பழக, என்னை யாராவது ‘நீர்’ என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

எங்கள் அலுவலகக் கிளார்க் ஒருத்திக்கு மார்பில் கட்டி வந்தபோது நாங்கள் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, ஒன்றும் இருக்காது, கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்றோம். ஏதோ வேலையாக அங்கே வந்திருந்த மிஸ் மட்டும், எனக்குத் தெரியாது, ஆனால் நாளைக் காலையிலேயே பார்த்துவிடலாம், நானும் வருகிறேன் என்றார். வந்தார். முழு நாளும் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அவளோடு உட்கார்ந்திருந்தார். கட்டி கெட்டதுதான். ஆனால் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். அந்தக் கிளார்க்குக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தக் காணாமல்போன பெட்டி விஷயம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. சோவியத் நாடு உடைந்துபோயிருந்த சமயம். அங்கே அணுப் பொருள்களைக் காவல் காக்க ஆளில்லை, யார் கையில் எது போய்ச் சேருமோ என்று பேப்பர்களில் தினமும் வந்துகொண்டிருந்தது. நாங்களும் படித்துவிட்டு, அது எங்கேயோ நடக்கிற கதை என்று மடித்து வைத்துவிடுவோம்.

கிள்ளானில் ஒரு நாள் மத்தியானம், குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் வேன் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றது. ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருந்த மஞ்சள் பெட்டியைக் காணோம். கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி. தையல் மிஷின் பெட்டியைவிடச் சின்னது. அதற்குள் அரிசி மணி அளவுக்கு ஒரு பொருள் இருந்தது. அதிலிருந்து ஓயாமல் கதிர் வீசும். அந்தக் கதிரை வைத்துத்தான் குழாயின் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று படம் பிடிப்பார்கள். பெட்டி மூடியிருக்கும்வரை அது உள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

மறுநாள் போலீசுக்கு ஒரு போன் வந்தது. பெட்டி எங்களிடம் இருக்கிறது, கேட்பதைத் தராவிட்டால் பஸ் நிலையத்தில் ஜனக்கூட்டத்தில் திறந்து வைப்போம் என்றான் ஒருவன். பேப்பரில் மட்டும் படித்திருந்த விஷயம் எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டது.

அறிவிப்பு கொடுக்க நேர்ந்தால் தமிழுக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போலீஸ் நிலையத்தின் நீண்ட அறையில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் ஓரத்து நாற்காலியில் இருந்தார். அந்த ஆள் மறுபடியும் போன் செய்தபோது, பெட்டியைப் பற்றித் தெரிந்தவர் பேசட்டும் என்று ரிசீவரை அவரிடம் கொடுத்தார்கள்.

மலாயில்தான் பேசினார். எங்களால் அவர் பக்கத்துப் பேச்சை மட்டுமே கேட்க முடிந்தது. மிரட்டலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பெட்டியை எங்கே வைத்திருக்கிறாய், எப்படித் தூக்கிக்கொண்டு போனாய், படியேறினாயா என்று, ஏதோ வீடு மாறுகிறவனை விசாரிப்பது போலக் கேட்டுக்கொண்டே போனார். பிறகு, எதற்கும் சொல்லிவைக்கிறேன், அதைத் திறந்தால் முதலில் போவது உன் கைதான், தொட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போ, என் பெயரைச் சொல் என்றார். போன் வைக்கப்பட்டதும் அதிகாரிகள் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடப் பையில் போட்டு மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனதாகச் சொல்கிறான், அந்தப் பெட்டி ஒரு கேஸ் சிலிண்டர் கனம், இவனிடம் பெட்டி இல்லை என்று நினைக்கிறேன் என்றார்.

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. யாரோ காபி சொல்லிவிட்டார்கள். மிஸ்ஸின் முகம் மட்டும் தெளியவில்லை. வராந்தாவில் என்னிடம் தமிழில் சொன்னார்:

“எனக்கு இப்பதான் கூடப் பயமா இருக்கு. வெருட்டுறவனுக்கு அது என்னெண்டு தெரியும். வச்சிருக்கிறவனுக்குத் தெரியாது. அவன் அதைப் பழைய இரும்பெண்டு நினைச்சு உடைக்கப்போறான்.”

உள்ளே போய் அதையே அதிகாரிகளிடமும் சொன்னார். ஊர் முழுக்கச் சொல்லிவிட வேண்டும், படத்தோடு சொல்ல வேண்டும் என்றார். பெரிய அதிகாரி நல்ல மனிதர். அவருக்கும் ஜனங்கள் மேல் அக்கறைதான். கதிர் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் சாயங்காலத்துக்குள் கிள்ளான் காலியாகிவிடும், சாலையில் மோதிச் சாகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்றார். சத்தமில்லாமல் தேடலாம் என்பது அவர் எண்ணம். மிஸ் மறுக்கவில்லை. சிலர் ஓடுவார்கள்தான், ஆனால் ஓடாதவர்கள் தங்கள் வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்ப்பார்கள், நம்மிடம் அத்தனை கண்கள் இல்லை என்றார். நெடுநேரம் வாதம் நடந்தது. கடைசியில் பெட்டியைப் பற்றிச் சொல்லலாம், போன் மிரட்டலைச் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. நானாகச் சொல்ல மாட்டேன், ஆனால் யாராவது நேராகக் கேட்டால் இல்லையென்று பொய் சொல்லவும் மாட்டேன் என்றார் மிஸ். பெரிய அதிகாரி சரி என்றார்.

அறிவிப்பை நான் எழுதினேன். ‘பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்’ என்று வழக்கம்போலத் தொடங்கியிருந்தேன். அந்த வரியை மிஸ் முதலில் அடித்தார். அடுத்த வரியில் ‘கதிரியக்கப் பொருள்’ என்று இருந்தது. உங்கள் தோட்டத்து ஆட்களுக்கு இது விளங்குமா என்று கேட்டார். விளங்காது என்றேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தது எல்லோருக்கும் தெரியும் இல்லையா என்றார். அப்படித்தான் அது மாறியது: ‘இதற்குள் எக்ஸ்ரே போன்ற கதிர் இருக்கிறது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை அணைக்கலாம். இதை அணைக்க சுவிட்ச் கிடையாது. மூடியிருந்தால் உடனே தீங்கில்லை. திறந்து கையில் எடுத்தால் கை வெந்துபோகும். அப்போது வலிக்காது, சில நாள் கழித்துத்தான் தெரியும். பார்த்தால் தொடாமல் தள்ளி நின்று எங்களைக் கூப்பிடுங்கள்.’ அவ்வளவு எளிதாக நான் அதுவரை எதையும் எழுதியதில்லை.

ஒலிபெருக்கி வண்டியில் போனோம். ஓட்டுநர் மலாயில் சொல்வார், ஒரு சீன நண்பர் ஹொக்கியனில், நான் தமிழில். மிஸ் பின்னால் மடியில் கதிர் அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி பயந்ததில் கொஞ்சம் நடந்தது. பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் கூடிவிட்டார்கள். ஒரு தெருவே சாமான் கட்டியது. ஆனால் போன் மேல் போன் வந்தது. கோழிக்கூண்டருகே மஞ்சள் டின் கிடக்கிறது, லோரியில் ஏதோ பெட்டி இருக்கிறது, கடை முதலாளி தவுக்கே ஒரு பழைய பேட்டரியைத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிட்டார் என்று. மிஸ் ஒவ்வொன்றுக்கும் போனார். தையல் மிஷின் மூடிக்குக்கூட மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, கூப்பிட்டவருக்கு நன்றி சொன்னார்.

பாசாரில் ஒரு மீன்காரர் வண்டியை மறித்தார். “மேடம், போன் வந்துச்சாமே, பஸ் ஸ்டேஷன்ல குண்டு வெடிக்கப் போறாங்களாமே, அத ஏன் சொல்ல மாட்றீங்க லா?”

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் இறங்கி, ஆமாம், போன் வந்தது என்றார். இது வெடிக்கிற பொருள் இல்லை என்றார். போன் செய்தவனிடம் பெட்டி இல்லை என்று நினைப்பதாகவும், ஆனால் தன் எண்ணம் தப்பாகவும் இருக்கலாம் என்றும், பஸ் நிலையத்தில் போலீஸ் நிற்கிறது என்றும் சொன்னார். நான் மலாயில் திருப்பிச் சொன்னேன், சீன நண்பர் அவர் பங்குக்கு. கூட்டம் கத்தும் என்று எதிர்பார்த்தேன். மீன்காரர் பெட்டியின் படத்தை வாங்கி ஐஸ் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டு, இன்னும் நாலு படம் கேட்டார்.

காப்பார் போகும் வழியில் கம்பம் என்று நாங்கள் சொல்லும் ஒரு சின்னக் கிராமத்தின் முனையில் நின்றிருந்தபோது அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பிறகு என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அண்ணே, அந்தப் பெட்டி எங்க இருக்குன்னு சொன்னா, வச்சிருந்தவங்கள போலீஸ் புடிக்குமா?”

புடிக்காதும்மா என்று சொல்ல எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மிஸ் முந்திக்கொண்டார்.

“அது எனக்குத் தெரியாதம்மா. பிடிச்சாலும் பிடிப்பினம். நீங்களா வந்து சொன்னீங்கள் எண்டதை நான் போலீசிட்டச் சொல்லுவன், உங்களோட வந்து நிப்பன். அதுக்கு மேல வாக்குக் குடுக்க என்னால ஏலாது.”

அந்தப் பெண் பின்வாங்கினாள். இப்போது இவள் திரும்பிப் போய்விட்டால், இந்த வீடுகளுக்குள் எங்கே போய்த் தேடுவது? மிஸ் அவளைத் தடுக்கவில்லை. குழந்தையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளையள் அதுக்குப் பக்கத்திலயோ விளையாடுறவை?”

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “பின்னால, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல கெடக்கு. ஞாயித்துக்கிழம ஒடச்சுப் பாக்கலாம்னு வச்சிருக்காரு. வாங்க.”

அவள் புருஷன் பழைய இரும்பு வாங்கி விற்கிறவன். தெரியாத ஆள் ஒருவனிடம் வாங்கியிருக்கிறான். வீட்டுக்கு வெகுதூரத்திலேயே மிஸ் எங்களையும் அந்தப் பெண்ணையும் நிறுத்திவிட்டார். கம்பத்து ஆட்கள் தாங்களாகவே கயிறு கட்டி வழியை அடைத்தார்கள். ஒரு மலாய்ப் பெரியவர் குழந்தைகளையெல்லாம் தொழுகை நடக்கும் சூராவுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார். மிஸ் மட்டும் மீட்டரை நீட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். அவர் மறைந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டி மூடியபடியே இருக்கிறது, பூட்டின் மேல் சுத்தியல் அடி பட்டிருக்கிறது, பூட்டு தாங்கிவிட்டது என்றார்.

அந்தப் பெண் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

புருஷனைப் போலீஸ் கூட்டிப்போனது. மிஸ்ஸும் போனார். அவனை விட்டுவிடும்வரை அந்தப் பெண்ணோடு நிலையத்துப் பெஞ்சிலேயே இருந்தார். குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள்; ஒன்றும் ஆகவில்லை. மிரட்டினவன் சீக்கிரமே பிடிபட்டான். அந்தக் கம்பெனியிலிருந்து விலக்கப்பட்ட ஓர் இளைஞனின் நண்பன். பெட்டி தொலைந்ததைக் கேள்விப்பட்டு, பயத்தைக் காசாக்கலாம் என்று பார்த்திருக்கிறான். பெட்டியை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கிள்ளான் காலியாகவில்லை. மீன்காரரின் ஐஸ் பெட்டியில் அந்தப் படம் வெளுத்துப்போகும்வரை ஒட்டியே இருந்தது.

மிஸ் ஓய்வு பெற்றதும் பெர்த்தில் இருந்த தங்கையிடம் போய்விட்டார். தீபாவளிக்குப் போன் செய்வார். உடம்பு எப்படி என்று கேட்டால், நல்லாயிருக்கிறேன் என்று சொல்ல மாட்டார். இருமல் இருந்தால் இருமலைப் பற்றி விவரமாகச் சொல்வார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பெட்டி கிடைத்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். என் மனைவி சரோஜா அப்போது மாசமாக இருந்தாள். முதல் குழந்தை. நான் கம்பத்திலிருந்து திரும்பி வந்த அன்று என் துணிகளைத் தனியாக வாளியில் போட்டாள். படுக்கையை ஹாலில் விரித்துவிட்டாள். கதிர் உடம்பில் ஒட்டிக்கொண்டு வராது என்று நான் எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கண்ணில் பயம்தான் கூடியது. பக்கத்து வீட்டு ஆன்டிகள் வேலி ஓரம் வருவதை நிறுத்திவிட்டார்கள். இதை மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

மத்தியானம் மீட்டரோடு வந்தார். சரோஜாவிடம் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முதலில் உங்கள் வீட்டுக்காரரைப் பாருங்கள் என்றார். சரோஜா என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். மீட்டர் எப்போதாவது ஒரு முறை டிக்கென்றது.

மிஸ் நிதானமாக விளக்கினார். காற்றிலும் மண்ணிலும் எங்கேயும் கொஞ்சம் உண்டு, இவரிடமிருந்து வருவதில்லை. சுவருக்கும் இதே சத்தம்தான் கேட்கும், வைத்துப் பாருங்கள் என்றார். சரோஜா சுவருக்கு வைத்தாள், மேசைக்கு, வாளித் துணிக்கு, தன் வயிற்றுக்கு. எல்லா இடத்திலும் அதே சோம்பேறி டிக். பிறகு அடுப்படிக்குள் போனாள். அங்கிருந்து டிக் டிக்கென்று கொஞ்சம் வேகமாகக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மிக் கல்லின் மேல் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மிஸ், அம்மிலதான் கூட அடிக்குது!”

கருங்கல்லில் அது கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், காலங்காலமாக அதில்தான் அரைத்துச் சாப்பிடுகிறோம் என்றார் மிஸ்.

சரோஜா என்னையும் அம்மியையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப இவரவிட அம்மியத்தான் வெளிய போடணும்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மிஸ்ஸும் சிரித்தார். அதே அம்மியில் அரைத்த சம்பலோடு மூவரும் சாப்பிட்டோம். இலையை மடிக்கும்போது சரோஜா அவரிடம், உங்களுக்குப் பயமே வராதா என்று கேட்டாள்.

“வரும். அண்டைக்கு அந்தக் கல்லடிக்குப் போகேக்க என்ர ரெண்டு காலும் நடுங்கினது. சுவரைப் பிடிச்சுக்கொண்டுதான் நடந்தனான்” என்றார். பிறகு, இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கிறதா என்று கேட்டார்.

அவருடைய கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றிருந்தோம். சரோஜா உள்ளே போனாள். ஹாலில் கிடந்த என் தலையணையை எடுத்துத் தட்டி, அறைக்குள் கொண்டுபோய்த் தன் தலையணைக்குப் பக்கத்தில் போட்டாள்.